திங்கட்கிழமை நாற்றம்

எனக்கு நாற்றங்கள் புதிதல்ல. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக டெல்லி ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருக்கிறேன். சீழ், மலம், வாந்தி, மூன்று நாள் மாற்றாத கட்டு என்று மனித உடம்பு எத்தனை விதமாக நாறுமோ அத்தனையும் என் மூக்கு வழியாகப் போயிருக்கிறது. ஒன்றுக்கும் முகம் சுளித்ததில்லை. அது வேலை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் என் சொந்தக் காருக்குள் வந்த நாற்றத்தை நினைத்தால் இப்போதும் குமட்டிக்கொண்டு வருகிறது.

கார் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்து வயதான சின்ன பெட்ரோல் கார். மாற்றலாகி ஊருக்குப் போன ஒரு வங்கி அதிகாரி எங்களுக்கு விற்றது. ஜனக்புரியில் எங்கள் வீட்டுச் சந்தில் வெயிலிலும் பனியிலும் கிடக்கும். ஓட்டுவது நான்தான். என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் வேர்த்து ஊற்றும் ஜாதி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பழைய பனியனும் வாளித் தண்ணீருமாகப் போய்க் காரைத் துடைப்பார். காருக்கும் அவருக்கும் உள்ள உறவு அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அவர் மோதி பாக்கில் கணக்கு வாத்தியார். காலையில் அவரை அங்கே இறக்கிவிட்டு ரிங் ரோடு வழியாக நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

நாற்றம் முதலில் வந்தது நவம்பர் கடைசியில், ஒரு திங்கட்கிழமை. வீட்டிலிருந்து கிளம்பிப் பத்து நிமிடம் இருக்கும். பங்கா ரோடு சிக்னலில் நின்றிருந்தோம். எண்ணெய் கருகும் வாடை. கழுவாத வாணலியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனால் வருமே, அப்படி ஒரு கசடு, தொண்டையின் பின்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. நவம்பரில் டெல்லியில் ஒரு நாற்றத்தை இன்னதென்று பிரிப்பது லேசான காரியமில்லை. ஓரத்தில் ஒருவன் குப்பையைக் கொளுத்தியிருப்பான், பக்கத்தில் சாக்கடை ஓடும், முன்னால் நிற்கும் லாரி உங்கள் முகத்திலேயே புகையை விடும். கண்ணாடிகளை ஏற்றினேன். வாடை குறையவில்லை, கூடியது. அப்படியென்றால் அது உள்ளேதான் இருக்கிறது.

"ஏங்க, எண்ணெய் கருகுத வாடை வருதா?" என்று கேட்டேன்.

அவர் மூச்சை இழுத்துப் பார்த்தார். "இல்லையே. வெளிய எவனாவது எதையாவது எரிச்சிருப்பான்."

அந்த 'இல்லையே' என்னைப் பயமுறுத்தியது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கொரோனாவின் இரண்டாம் அலையில் எனக்கும் வந்தது. காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது. மூக்கு ஐந்து மாதம் செத்துக் கிடந்தது. பினாயில் பாட்டிலைத் திறந்து முகர்ந்தால் தண்ணீர் போல இருக்கும். பிறகு வாசனை திரும்பி வந்தது, ஆனால் கோணல்மாணலாக வந்தது. காப்பியில் டயர் எரிந்தது. வெங்காயம் வதக்கினால் பிணவறை. ஒரு நாள் வார்டில் புகை நாற்றம் என்று சுவரிலிருந்த பிளக்குகளை எல்லாம் தடவிக்கொண்டு ஓடினேன்; புகையே இல்லை. நோயாளிகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போது மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வராத வாடை எனக்கு வருகிறது. நாற்றம் காரில் இருக்கிறதா, என் தலைக்குள் இருக்கிறதா?

நான் அறுவை சிகிச்சை வார்டின் பொறுப்பு நர்ஸ். கட்டைப் பிரிக்காமலே புண் எப்படி இருக்கிறது என்று சொல்வேன். ஒருவர் மூச்சில் வரும் அழுகிய பழ வாடையை வைத்துச் சர்க்கரை ஏறிவிட்டது என்று சொல்லி, ரத்தப் பரிசோதனை வருவதற்கு முன்பே ஓடியிருக்கிறேன். இதற்கெல்லாம் படிப்பு வேண்டும்தான், ஆனால் மூக்கும் வேண்டும். மூக்கில்லாமலும் நர்ஸ் வேலை பார்க்கலாம். நிறையப் பேர் பார்க்கிறார்கள். எனக்கு அப்படிப் பார்க்கத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் டியூட்டி முடிந்ததும் சாலையோர மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். வாய் நிறைய குட்கா. எச்சில் வழியாமலிருக்க முகவாயை வானத்துக்குத் தூக்கிக்கொண்டே பேசினார். என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளித் துப்பினார். புண்ணைக்கூடப் பார்த்துவிடலாம், இதைப் பார்க்க முடியவில்லை. பானெட்டைத் திறந்து, இஞ்சினின் தலைமூடி ஓரத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டினார். விரல் பளபளவென்று எண்ணெயாக இருந்தது.

"டாப்பெட் கவர் பேக்கிங் கயா, மேடம்," என்றார். மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் பேக்கிங் உண்டு, அது செத்துப்போனால் எண்ணெய் கசிந்து கீழே கொதிக்கிற சைலன்சர் குழாயில் விழும், விழுந்ததும் கருகும் என்று விளக்கினார்.

எனக்கு அந்தச் சிவந்த வாயையும் மீறி அவரைக் கும்பிடத் தோன்றியது. எண்ணெய் இருக்கிறது, கருகுகிறது, நான் முகர்ந்தது உண்மை. அவர் பேக்கிங்கை மாற்றி, பெட்ரோலில் நனைத்த துணியால் இஞ்சினைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தார். புதன், வியாழன், வெள்ளி, சனி, எந்த வாடையும் இல்லை. நிம்மதியாக ஓட்டினேன்.

திங்கட்கிழமை அதே சிக்னலில் அதே நாற்றம்.

"இப்ப வருதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வரலையே பிள்ள. அதான் பேக்கிங் மாத்தியாச்சுல்லா," என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

நோயாளிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? சார்ட் போடுவோம். நானும் போட்டேன். திங்கட்கிழமை நாலு கூட்டல் குறி. செவ்வாய் மூன்று. புதன் ஒன்று. வியாழன் முதல் ஞாயிறு வரை ஒன்றும் இல்லை. மறு திங்கள் மறுபடி நாலு. மூன்று வாரம் எழுதினேன், மூன்றும் அச்சடித்தது போல இருந்தன. கணவரிடம் காட்டினேன். கணக்கு வாத்தியார், எழுதிய கணக்கில் ஏதாவது பிழை பிடிக்காமல் விடமாட்டார். அன்று பார்த்தார், மடித்தார், என் கைப்பையில் வைத்தார். பைத்தியம் என்று நினைக்கிறார், சொல்லத் தயங்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மெக்கானிக்கிடம் போய் அந்தத் தாளை நீட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்தார், ஈரமே இல்லை. ஓட்டிப் பார்த்தார், வாடை இல்லை. தாளைப் பார்த்துச் சிரித்தார். "இஞ்சின் கோ க்யா மாலும் ஆஜ் சோம்வார் ஹை?" இஞ்சினுக்கு இன்று திங்கட்கிழமை என்று எப்படித் தெரியும் என்கிறார். நியாயமான கேள்விதான். பிறகு, "வஹம் ஹை, மேடம்" என்று தன் நெற்றிப்பொட்டை விரலால் தட்டிக் காட்டினார். எல்லாம் மனப்பிராந்தி என்று அர்த்தம். குட்கா துப்புகிறவன் என் மூளையைப் பற்றிச் சொல்கிறான், நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அப்போது என்மேல் எனக்கு வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்து ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். கண்ணாடி அறை, காப்பி மெஷின், டை கட்டிய ஒரு இளைஞர். காரைக் கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். கம்ப்யூட்டர் ஒரு குறையும் இல்லை என்றது. திரும்ப வாங்கும்போது காருக்குள் லாவண்டர் வாசனையை அடித்து நிரப்பியிருந்தார்கள். மலச்சட்டியின் மேல் சென்ட் தெளிப்பார்களே சில வீட்டார், அந்த வேலை. கையில் கொடுத்த தாளில் 'நாற்றம்: வாடிக்கையாளரின் உணர்வு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த இளைஞர் ஒரு யோசனை சொன்னார். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பானெட்டைத் திறந்து எண்ணெய் மூடியைப் பாருங்கள், வெள்ளையாகத் திரிந்தது போல ஏதாவது இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம், அப்படியானால் இஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும் என்றார். அவரே அதை நம்பவில்லை. வாயை அடைக்க ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்.

இதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் நான் இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். சர்க்கரை நோய், காலில் புண், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னை 'பேட்டி' என்று மகளாகக் கூப்பிடுவார். அன்று காலை அவர் கட்டிலைக் கடக்கும்போது கட்டுக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. இனிப்பாக, அழுகலாக. எனக்குத் தெரிந்த வாடை. வேறெந்த வருடமாக இருந்தாலும் அந்த இடத்திலேயே கட்டைப் பிரிக்கச் சொல்லியிருப்பேன். அன்று நின்றேன். அரை மணி நேரத்துக்கு முன்புதான் காரில் கருகல் வாடையை முகர்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த ஜூனியர் நர்ஸிடம், "ஏதாவது ஸ்மெல் வருதா?" என்று கேட்டேன். அவள் முகக்கவசத்துக்குள்ளிருந்து "நஹீ, சிஸ்டர்" என்று தலையாட்டினாள். வஹம் என்று நினைத்துக்கொண்டேன். கட்டு மாற்ற வேண்டிய நாள் வியாழன். வியாழன் வரட்டும் என்று நடந்துவிட்டேன்.

வியாழக்கிழமை கட்டைப் பிரித்தபோது ஜூனியர் நர்ஸே இரண்டடி பின்னால் போனாள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. செவ்வாய்க்கிழமையே பிரித்திருந்தால் பிழைத்திருக்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. என்னை யாரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. பெரியவர் வழக்கம்போல் "பேட்டி" என்றுதான் கூப்பிட்டார். நான் போய்க் கழிவறையில் வாந்தி எடுத்தேன். நாற்றத்துக்காக அல்ல. வேலையை விட்டுவிடுவதா என்று அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்தேன்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை. எதிர்வீட்டுக் கதவு தெரியாத அளவுக்குப் பனி. கணவர் உள்ளே டை கட்டிக்கொண்டிருந்தார். நான் காரை ஸ்டார்ட் பண்ணப் போனவள், சர்வீஸ் சென்டர் இளைஞர் சொன்னது ஞாபகம் வந்து, பானெட்டைத் திறந்து செல்போன் வெளிச்சத்தைக் காட்டினேன். இஞ்சினின் கறுப்பு மூடி மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ உறைந்து கிடந்தது. ஓரத்தில் வழிந்து, பிசுக்குப் பிசுக்காக, சைலன்சர் பக்கம் இறங்கியிருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது, இஞ்சின் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு நர்ஸ் புத்தி வேலை செய்தது. உள்ளே கலந்தது எப்படி மூடிக்கு மேலே வரும்? விரலால் ஒரு துண்டைச் சுரண்டினேன். விரல் சூட்டில் அது உருகி ஓடியது. மூக்கருகில் கொண்டுபோனேன். புழுதி வாடை, பெட்ரோல் வாடை, அதற்கு அடியில் என் தலையணை உறையின் வாடை. தேங்காயெண்ணெய்.

டெல்லிக் குளிரில் தேங்காயெண்ணெய் கல்லாகிவிடும் என்பது இங்கே குடியிருக்கும் நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் பிறந்தால் பாட்டிலை வெந்நீர்ச் செம்பில் நிறுத்திவிட்டுத்தான் தலை சீவ உட்காருவோம். அந்த வெள்ளைதான் என் இஞ்சின் மேல் கிடந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நெடுக்காக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு. சிலுவை.

அதற்குமேல் எனக்கு ஒரு மெக்கானிக்கும் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச் முடிந்து அவர் மட்டும் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போவார். அங்கே ஜெபித்து ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெய் கொடுப்பார்கள். திரும்பி வந்து காரைத் துடைப்பார். திங்கட்கிழமை நாலு கூட்டல் குறி.

விரலை நீட்டிக்கொண்டே உள்ளே போனேன். "மோந்து பாருங்க," என்றேன்.

அவர் மோந்து பார்க்கவில்லை. டையை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஜெப எண்ணெய்தான். நான்தான் ஊத்துதேன்," என்றார். "தீபாவளி கழிச்சு அந்த பஸ்ஸு நம்மள உரசிட்டுப் போச்சுல்லா. பனியில நீ ஓட்டுத. எனக்கு ஓட்டவும் தெரியாது. வேற என்னதான் செய்ய? சிலுவை போட்டு, மிச்சத்தையும் மேலயே ஊத்திருவேன்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா நீ கத்துவ. மூக்கு போயிருந்தப்ப நெத்தியில பூச வந்தேன், பாட்டிலத் தூக்கிக் குப்பையில போட்ட. உனக்கு மூக்கு திரும்பி வந்ததே அந்த எண்ணெயிலதான்னு நான் நம்புதேன். நீ தூங்கும்போது பூசினேன்."

அவர் சொன்னது நிஜம். பாட்டிலைக் குப்பையில் போட்டேன், போட்டபோது வாய்க்கு வந்ததையும் சொன்னேன். எனக்கும் விசுவாசம் உண்டு, ஆனால் நரம்பு செத்ததற்கு எண்ணெய் தடவுவது எனக்கு எரிச்சல். என் வாய் அப்படித்தான். ஆனால் எனக்குக் கேட்க வேண்டியது இன்னொன்று இருந்தது.

"அந்த வாடை உங்களுக்கு வந்துச்சா?"

தரையைப் பார்த்தார். "வந்துச்சு."

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்தே."

இரண்டு மாதம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அதே நாற்றத்தை இழுத்துக்கொண்டு, 'இல்லையே' என்று சொல்லியிருக்கிறார். நான் அந்த மூக்கைப் பிடித்துக்கொண்டு எப்படிப் பயந்தேன் என்று பார்த்திருக்கிறார். சார்ட்டை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறார். நான் கத்திவிடுவேனாம். கத்தியிருப்பேன், அரை மணி நேரம் கத்தியிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும். குட்கா வாயும் லாவண்டரும் கருகின எண்ணெயும் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்கு ஏறியது போல் அந்த மனிதர்மேல் எனக்கு அருவருப்பு வந்தது. அதை எழுத எனக்கு வெட்கமில்லை. கூடவே, சொன்னால் அசிங்கமாக இருக்கும், சந்தோஷமாகவும் இருந்தது. என் மூக்கு சரியாக இருந்திருக்கிறது. காரிலும் சரி, வார்டிலும் சரி.

வார்டு ஞாபகம் வந்ததும் அந்தச் சந்தோஷம் நின்றுவிட்டது. பெரியவரின் காலைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை முகர்ந்ததை, ஜூனியரைக் கேட்டதை, வியாழன் வரட்டும் என்று விட்டதை. அவர் முகம் வெளிறிப்போனது. "அந்தக் காலுக்கு நானா காரணம்?" என்று கேட்டார்.

நோயாளியின் வீட்டார் இப்படிக் கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அப்படியெல்லாம் இல்லை, உங்கள்மேல் தப்பில்லை என்று தோளைத் தட்ட வேண்டும். பல நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை.

"பாதி நீங்க," என்றேன். "பாதி நான்."

அன்று இருவரும் லீவு போட்டோம். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷும் கொடுத்து அவரையே இஞ்சினைத் துடைக்க வைத்தேன். சந்தில் போனவர்கள் எல்லாம் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த டை கட்டிய மாஸ்டர்ஜியை விசாரித்துவிட்டுப் போனார்கள். எண்ணெயில் ஒட்டியிருந்த புழுதி கருப்புக் கருப்பாகச் சேறு போல வந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் வெயில் வந்ததும் ஒரு தடவை தௌலா குவான் வரை ஓட்டிவிட்டு வந்தேன். ஒரு வாடையும் இல்லை. அவர் பாட்டிலை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் வார்டில் முதல் ரவுண்டில் ஒரு பெண்ணின் கட்டில் பக்கம் போனபோது நின்றேன். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள். கட்டு வெள்ளையாக, காய்ந்து, பார்க்க அழகாக இருந்தது. காய்ச்சல் இல்லை. டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். பிரித்துப் பார்த்துவிடலாம் டாக்டர், நாறுகிறது என்றேன். அவர் திரும்பி வந்து குனிந்து முகர்ந்தார். ஜூனியர் நர்ஸும் முகர்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வரலையே, சிஸ்டர்," என்றார் டாக்டர்.

"எனக்கு வருது," என்று சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு நானே கட்டைப் பிரிக்க ஆரம்பித்தேன்.